விதியும் விலக்கும்: சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் ஆய்வு, கற்பித்தல், மாணவர் வாழ்வு

1. கேள்வியும் எல்லையும்

கலை அறிவியல் கல்லூரிகளைப் பற்றித் தமிழில் வருபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று நூற்றாண்டு விழா மலர். அதில் எல்லா முதல்வர்களும் மாமனிதர்கள். மற்றொன்று தரம் தாழ்ந்துவிட்டது என்கிற புலம்பல். அதில் பழைய காலம் முழுவதும் பொற்காலம். பட்டப் படிப்பு நடத்துவதற்காக ஏற்பட்ட ஒரு கல்லூரிக்குள் ஆய்வு எப்போது நடந்தது, யார் செய்தார்கள், எந்த ஏற்பாடு அதற்கு இடம் கொடுத்தது என்ற கேள்வியை இரண்டுமே எழுப்புவதில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தையும் அதனோடு இணைந்திருந்த கல்லூரிகளையும் வைத்து அந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை. இந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லை ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் பெரும்பகுதியைத் தழுவியிருந்ததால், கும்பகோணமும் திருச்சியும் இங்கே பேசப்படும். என் வாதம் சுருக்கமானது: இக்கல்லூரிகளில் நிலைத்த ஆய்வு பெரும்பாலும் விதிப்படி விளையவில்லை, விதிக்கு யாரோ ஒருவர் அளித்த விலக்கில் விளைந்தது. அண்மைக் காலத்தில் ஆய்வு எல்லோருக்கும் விதியாக்கப்பட்டிருக்கிறது. அதனால் வந்த விளைவுகளைக் கடைசிப் பகுதி பேசும்.

2. தேர்வு நடத்தப் பிறந்த பல்கலைக்கழகம்

1839-இல் சென்னை மாகாணத்தின் குடிமக்கள் ஏறத்தாழ 70,000 பேர் கையொப்பமிட்டு உயர்கல்வி கேட்டு அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாக ஏர் பர்ட்டன் பவல் என்ற கேம்பிரிட்ஜ் கணிதப் பட்டதாரி தலைமையில் தொடங்கிய பள்ளி 1855-இல் மாநிலக் கல்லூரி ஆயிற்று. 1857 செப்டம்பரில் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. கல்லூரி முந்திப் பிறந்தது, பல்கலைக்கழகம் பிந்திப் பிறந்தது என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். லண்டன் பல்கலைக்கழகத்தின் அன்றைய அமைப்பைப் பின்பற்றிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வகுப்பறை இல்லை, ஆசிரியர் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. பாடத்திட்டம் வகுப்பது, வினாத்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது, பட்டம் வழங்குவது, இவையே அதன் வேலை. கற்பிப்பது கல்லூரிகளின் பொறுப்பு. ஆய்வு யாருடைய பொறுப்பும் அல்ல.

1858-இல் வெளிவந்த முதல் கலைப் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர்: கரோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை. பின்னவர் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887-இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். பட்டம் அவருக்கு வேலையைக் கொடுத்தது. ஆய்வு அந்த வேலைக்குப் புறம்பாக நடந்தது. பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரியே அதன் அமைப்புக்கு வெளியே நின்றுதான் அறிஞராக முடிந்தது.

1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம், பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்கவும் ஆராயவும் வழி செய்தது. 1910-களின் நடுவில் இந்திய வரலாறு, பொருளியல் முதலியவற்றுக்குப் பேராசிரியர் பதவிகள் வந்தன. 1923-இல் வந்த சட்டம் அந்தப் போக்கை உறுதிப்படுத்தியது. ஆனால் அந்தத் துறைகள் கல்லூரிகளுக்குள் வரவில்லை. கல்லூரிகளுக்கு மேலே ஒரு மாடியாக அமைந்தன. கீழே இளங்கலை, மேலே ஆராய்ச்சி. இடையில் படிக்கட்டு குறுகலாகவே இருந்தது, இன்றும் அப்படித்தான்.

3. விலக்குப் பெற்றவர்கள்

1880-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர் எந்தப் பட்டமும் பெற்றவரல்லர். ஓய்வு பெறவிருந்த தியாகராச செட்டியாரின் பரிந்துரை போதுமானதாக இருந்தது. இன்றைய நியமன விதிகளின்படி அவர் விண்ணப்பமே போட முடியாது. அதே ஆண்டில் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தபின்தான் அவர் சீவக சிந்தாமணியைத் தேடிப் போனார். 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு என்று வந்த பதிப்புகள் எல்லாம் கும்பகோணத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தவை. கல்லூரி கொடுத்தது சம்பளமும் விடுமுறையும். ஏடு தேடிப் போக வேண்டும் என்று அவருடைய பணி நிபந்தனையில் இல்லை. கூடாது என்றும் இல்லை. அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம்.

சி.வி. ராமன் மாநிலக் கல்லூரியில் முதுகலை படித்தபோது வகுப்புக்கு ஒழுங்காகப் போகவில்லை. இயற்பியல் பேராசிரியர் ஜோன்ஸ் அதைக் கண்டுகொள்ளாமல் ஆய்வுக்கூடத்தில் அவரை அவர் போக்கில் விட்டார். 1906-இல், பதினெட்டு வயதில், ராமனின் முதல் கட்டுரை லண்டனில் ‘பிலசாஃபிக்கல் மேகசின்’ இதழில் வந்தது. வருகைப் பதிவேட்டைக் கண்டிப்பாகப் பார்க்கும் ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பது வீண். ஆனால் இன்று 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடைக்காது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இராமானுஜன் கதை எல்லோரும் அறிந்தது என்பதால் அதன் நிர்வாகப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். பச்சையப்பன் கல்லூரியில் படித்து எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்கள் அவரை வீழ்த்தின. இப்படித் தோல்வி என்று எழுதிய அதே பல்கலைக்கழகம் 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. முதுகலைப் பட்டம் கேட்ட விதியை ஒதுக்கிவைத்துத்தான் அதைக் கொடுக்க முடிந்தது. கைம்மாறாக அவர் செய்ய வேண்டியிருந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் அறிக்கை தருவது மட்டுமே. பல்கலைக்கழகத்தைக் குறை சொல்ல இந்தக் கதையை எடுப்பவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு தேர்வுக் கழகம் தன் தேர்வின் முடிவையே மீறத் துணிந்த பிற்பாதிதான் எனக்கு வியப்பளிக்கிறது.

பெண்களுக்கு விலக்கு இன்னும் அரிது. ராணி மேரிக் கல்லூரி 1914-இலும் மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915-இலும் தொடங்கின. ராணி மேரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்த இ.கே. ஜானகி அம்மாள், மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். அவருடைய ஆய்வுக்கான கதவு இங்கே திறக்கவில்லை. பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போனபின்தான் திறந்தது. வெகுகாலம் கழித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வு மையத்துக்குத் திரும்பி, மதுரவாயலில் இருந்த களஆய்வுக் கூடத்தில் 1984-இல் இறக்கும்வரை உழைத்தார்.

4. கரும்பலகை, மண், கருவி

ஆய்வு எதைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தது என்று பார்த்தால், பாடத்துக்குப் பாடம் வேறுபாடு தெரிகிறது.

கணிதத்துக்குக் கரும்பலகையும் நூலகமும் போதும். கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய ஆனந்த ராவ் மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தினார், டி. விஜயராகவன், எஸ்.எஸ். பிள்ளை, கே. சந்திரசேகரன் முதலியோர் அவரிடம் உருவானார்கள். லயோலா கல்லூரியில் பாரிஸில் பயின்ற ஏசு சபைத் துறவி சார்ல் ரசீன் இருந்தார். பிரெஞ்சுக் கணிதத்தின் புதிய போக்குகள் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை எட்டிப்பார்க்காத காலத்தில், ஹானர்ஸ் மாணவர்களுக்கு அவர் அவற்றை அறிமுகப்படுத்தினார். அப்படிப் படித்த எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் 1953-இல் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார்கள். 1965-இல் அவர்கள் வெளியிட்ட தேற்றம் இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. மூன்றாண்டு ஹானர்ஸ் படிப்பில் ஒரு பாடத்தையே ஆழமாகப் படிக்க நேரம் இருந்தது. 1950-களின் சீரமைப்பில் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டமும் வந்தபோது ஹானர்ஸ் மறைந்தது. படிப்பு பரவலானது நன்மை. ஆனால் இழந்த ஆழத்துக்கு ஈடாக எதையும் வைக்கவில்லை.

இயற்பியலும் உயிரியலும் கருவி கேட்டன. கருவி பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குப் போயிற்று. துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்கு முதலில் அணுகியது ராமனை. ராமன் தம் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைச் சொன்னார். 1952-இல் வந்த ராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயது. பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம்; கொலாஜன் ஆய்வுக்கு அதைவிட வாய்ப்பான அண்டை வீடு கிடைக்காது. கோபிநாத் கர்த்தாவோடு 1954-இல் ‘நேச்சர்’ இதழில் கொலாஜனின் மும்மடங்குத் திருகு அமைப்பை முன்வைத்தார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் 1963-இல் வெளியிட்ட வரைபடம் இன்று புரத அமைப்பு படிக்கும் எந்த நாட்டு மாணவரும் கடந்தாக வேண்டிய ஒன்று. அந்தக் காலத்தில் சேப்பாக்கத்து மாநிலக் கல்லூரியிலும் நுங்கம்பாக்கத்து லயோலாவிலும் இளங்கலை இயற்பியல் படித்தவர்கள் ரெக்கார்டு நோட்டில் அதே பழைய சோதனைகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். கிண்டிக்கும் அவர்களுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான்.

நான் மிக மதிப்பது மூன்றாவது வகையை: மண்ணைப் பிடித்துக்கொண்ட ஆய்வு. 1915-இல் முதல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டருக்கு இந்திய கிராமம் தெரியாது. மாணவர்களுக்குத் தெரியும், ஆனால் தெரிந்தது ஓர் அறிவு என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஸ்லேட்டர் ஒரு வினாநிரலைக் கையில் கொடுத்து விடுமுறையில் சொந்த ஊருக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம், கிணறு எத்தனை என்று அவர்கள் எழுதி வந்தார்கள். 1918-இல் அது நூலானது. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடஆர்க்காட்டு தூசி, தஞ்சாவூர்ப் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்து வடமலாபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் ஆகிய தமிழ் ஊர்கள் அதில் உண்டு.

நூலின் பெருமை 1918-ஓடு முடியவில்லை. பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் இருவரும் 1930-களில் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பி 1940-இல் மறுஆய்வு வெளியிட்டார்கள். 1980-களில் இன்னொரு தலைமுறை போயிற்று. இருவேல்பட்டைப் பற்றி மட்டும் 1916 முதல் 2008 வரை நிலம், கூலி, சாதி ஆகியவை மாறிய விதத்தை ஒரே தொடராகப் படிக்க முடிகிறது. ஒரு பெரிய நிலவுடைமைக் குடும்பத்தைச் சார்ந்திருந்த ஊர் எப்படி அந்தப் பிடியிலிருந்து நழுவியது என்று நூறாண்டுத் தரவோடு பேச இந்தியாவில் மிகச் சில ஊர்களுக்கே வாய்த்திருக்கிறது. இந்தத் தொடரின் முதல் கண்ணி, பட்டப் படிப்பு மாணவர்களின் விடுமுறை வேலை. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததை ஆய்வுப்பொருளாக மதித்த ஆசிரியர் ஒருவர் தேவைப்பட்டார்.

இதே வகையில் வருவது திருச்சி புனித வளனார் கல்லூரியில் கே.எம். மாத்யூ 1967-இல் நிறுவிய ராப்பினட் உலர்தாவரக் காப்பகம். அதிலிருந்து 1980-களில் தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவர நூல் தொகுதிகள் வந்தன. காட்டுக்கும் கரட்டுக்கும் பருவம் பார்த்துத் திரும்பத் திரும்பப் போய்ச் செடி பறித்து, அழுத்தி, ஒட்டி, பெயர் எழுதிய வேலை அது. ஒரே கல்லூரியில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் தங்கியதால் நடந்தது.

5. விடுதி, மன்றம், ஷிப்ட்

மாணவர் வாழ்வை ஆய்வுக்குப் புறம்பான பொழுதுபோக்காகக் கருதுவது தவறு. நேரம் என்பது ஆய்வின் முதல் மூலதனம். அந்த நேரத்தை யார் யாருக்குக் கொடுத்தது விடுதி என்பதில் சமூக வரலாறு இருக்கிறது. பழைய சென்னை விடுதிகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனிப் பந்தி இருந்தது. ஒரே வகுப்பில் ஷேக்ஸ்பியர் படித்தவர்கள் சோற்றுக்கு வேறு வேறு கூடத்துக்குப் போனார்கள். 1937-இல் கிறித்தவக் கல்லூரி நெரிசலான ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்தின் 300 ஏக்கருக்கு மேற்பட்ட புதர்க்காட்டுக்குப் போனபோது சேலையூர், புனித தோமையார், பிஷப் ஹீபர் என மூன்று ஹால்களை மையமாக வைத்தே புதிய வளாகம் அமைந்தது. வேதியியல் ஆசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் மரம் நட்டார். ஹால் வாழ்க்கை அங்கே பாடத்திட்டத்தின் மறுபாதி ஆயிற்று. ஆனால் அந்த வகை வாழ்வு கிடைத்தது மாநிலத்தின் மாணவர்களில் சிறு பகுதிக்கே.

பெரும்பான்மையோர் டே ஸ்காலர்கள். இவர்களைப் பற்றி மலர்கள் எழுதுவதில்லை. வெளியூர் ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் வந்து போகிறவர்கள். ‘ரூட்டு தல’ என்று ஒருவரைத் தலைவனாக்கிப் பஸ் டே கொண்டாடியவர்களும் இவர்களில்தான் இருந்தார்கள். அதில் நடந்த வன்முறையை நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் விடுதி இல்லாதவனுக்குக் கல்லூரிக் கூட்டுவாழ்வு பேருந்துப் படிக்கட்டில்தான் கிடைத்தது என்ற சமூகவியல் உண்மையைக் காவல்துறைக் குறிப்பு சொல்லாது. அரசுக் கல்லூரிகளில் காலை, மாலை என இரண்டு ஷிப்ட் வந்தபின் வளாகம் இன்னும் சுருங்கியது. முதல் ஷிப்ட் முடியும்போது இரண்டாம் ஷிப்டுக்கு வகுப்பைக் காலி செய்ய வேண்டும். மாணவனும் அவசரப்படுகிறான், துணிக்கடைக்கோ கேட்டரிங் வேலைக்கோ உணவு டெலிவரிக்கோ போக வேண்டும். நூலகம் திறந்திருக்கும் நேரமும் அவன் ஓய்ந்திருக்கும் நேரமும் பொருந்துவதே இல்லை.

இந்தச் சூழலில் பகுதி ஒன்று தமிழ் வகுப்பைப் பற்றி ஒரு சொல். மேஜர் பாடக்காரர்கள் அதை இலகுவாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இயற்பியலும் வணிகவியலும் விலங்கியலும் படிப்பவர்கள் ஒன்றாக உட்காரும் மிகச் சில வகுப்புகளில் அது ஒன்று. தமிழ் மன்றக் கவியரங்குகளும் பட்டிமன்றங்களும் கையெழுத்துப் பத்திரிகைகளும் அங்கிருந்தே கிளம்பின. 1965 சனவரியில் மொழிப் போராட்டம் வகுப்பறைகளைக் காலி செய்தபோது துறை எல்லை பாராமல் மாணவர்கள் ஒன்றுசேர முடிந்ததற்கு இந்தப் பொது அரங்கும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

6. விலக்கு விதியானபோது

கோத்தாரிக் குழு 1966-இல் பரிந்துரைத்த தன்னாட்சி, 1978-இல் மதுரை அமெரிக்கன் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி உள்ளிட்ட சிலவற்றுக்குக் கிடைத்தது. பாடத்திட்டம் வகுக்கும் அதிகாரம் பாடம் நடத்துகிறவரிடம் வந்தது. 1857-இல் பிரித்துவைத்த இரண்டும் சேர்ந்த முதல் தருணம் அது. சில துறைகள் அதை நன்றாகப் பயன்படுத்தின. பல இடங்களில் பழைய வினாத்தாளே கல்லூரி முத்திரையோடு வந்தது. வெளித் தேர்வுக்குப் பதில் இன்டெர்னல் மார்க் மாணவனை அடக்கும் கருவியானது.

அடுத்து ஆய்வு கட்டாயமாயிற்று. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த புள்ளி முறையில் ஆசிரியரின் பதவி உயர்வு வெளியிட்ட கட்டுரைகளோடு பிணைக்கப்பட்டது. விளைவு என்னவென்று கல்லூரிக்குள் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்: பணம் கட்டினால் கட்டுரை போடும் இதழ்கள் பெருகின. அவற்றை வடிகட்ட ஒரு பட்டியல் வந்தது; 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலும் கைவிடப்பட்டது. இளங்கலை, முதுகலை கடைசி செமஸ்டரில் ‘பிராஜெக்ட்’ கட்டாயமானபோது கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடைகளில் பழைய பிராஜெக்ட் விற்பனைக்கு வந்தது. மாணவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஒரு கைடு இருபது பேரை ஒரே பருவத்தில் பார்க்க வேண்டும் என்றால் அட்டையும் பைண்டிங்கும்தான் மிஞ்சும்.

2022-இல் எம்.ஃபில். நிறுத்தப்பட்டது பரவலாக வரவேற்கப்பட்டது. நான் அதில் சேரவில்லை. முதல் தலைமுறையாகப் படித்து வந்த எத்தனையோ கல்லூரி ஆசிரியர்களுக்கு அந்த ஒரு ஆண்டுதான் ஒரு கேள்வியோடு தனியாக இருக்கக் கிடைத்த வாய்ப்பு. தரம் குறைந்த எம்.ஃபில்.கள் ஏராளம் வந்தன, உண்மை. ஆனால் படிக்கட்டில் ஒரு படியை எடுத்துவிட்டால் ஏறுகிறவர்களில் காலெட்டாதவர்களே முதலில் நின்றுபோவார்கள்.

இளங்கலையையும் ஆய்வையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. பம்பாயிலிருந்து திரும்பிய சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய நிறுவனமே பின்னர் சென்னைக் கணிதக் கழகமாக வளர்ந்தது. 1998-இல் அங்கே இளம் அறிவியல் வகுப்பு தொடங்கியது. ஆய்வாளர்களே முதலாண்டு மாணவருக்குப் பாடம் எடுத்தார்கள். அந்தப் பட்டத்தைத் தொடக்கத்தில் வழங்கியது சேப்பாக்கத்தில் இருந்த பல்கலைக்கழகம் அல்ல, மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். நிகர்நிலைத் தகுதி 2006-இல்தான் வந்தது. தெரிந்தெடுத்த சிறு வகுப்பு, நுழைவுத் தேர்வு, ஒருசில துறைகள் ஆகியவற்றால் அமைந்த அதை அரசுக் கலைக் கல்லூரிக்கு அப்படியே முன்மாதிரியாக்க முடியாது. 2021-22 அரசுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு, அகில இந்திய அளவு 28.4. உயர்கல்வி இவ்வளவு பேருக்கு எட்டியிருப்பது பெரிய சாதனை. இத்தனை பேருக்கும் ஏற்ற ஆய்வு வடிவம் எது என்பதே இன்றைய கேள்வி.

ஸ்லேட்டரின் வழி அதற்குப் பொருந்தும் என்பது என் கருத்து. அரசுக் கல்லூரி மாணவர்களில் பலர் இன்றும் கிராமத்திலிருந்தும் சிறு நகரத்திலிருந்தும் வருகிறார்கள். ஊர் ஏரி, கூலி, நெசவுத்தறி, பட்டாசு ஆலை, நாற்றங்கால் எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. ஒரு துறை ஒரே வினாநிரலோடு ஐந்தாறு ஊர்களைத் தொடர்ந்து கவனித்தால், ஒவ்வொரு மாணவரின் பிராஜெக்டும் அதற்கு முந்தைய ஆண்டின் பிராஜெக்டோடு சேர்ந்து தரவாகும். ஜெராக்ஸ் கடையில் அதை விற்கவும் முடியாது. இந்த ஆண்டின் கூலியைப் போன ஆண்டின் நகல் சொல்லாது.

இதற்குத் தடை பணம் அல்ல, ஆசிரியரின் நிலையாமை. அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளின் கணிசமான பகுதியைத் தாங்குபவர்கள் தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள். நிரந்தர ஆசிரியருக்கோ இடமாறுதல் கலந்தாய்வு. மாத்யூவுக்குத் திருச்சியும், ஆனந்த ராவுக்கு மாநிலக் கல்லூரியும், ரசீனுக்கு லயோலாவும் ஆண்டுக்கணக்கில் ஒரே இடமாக வாய்த்தன. அடுத்த ஜூனில் எந்தக் கல்லூரியில் இருப்போம் என்று தெரியாத ஒருவர் இரண்டாம் ஆண்டுக்கான வினாநிரலைத் தயாரிக்க மாட்டார். அவரிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையல்ல. புள்ளி முறையைத் திருத்தக் குழு அமைப்பதற்கு முன், ஒரு துறையில் குறைந்தது இரண்டு பேரையாவது பத்தாண்டு ஒரே இடத்தில் வைத்திருக்க வழி செய்யலாம். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம், ஓர் அரசாணை போதும்.